ஏழாம் நம்பர் பலா

மரம் விஷயத்தில் என்னிடம் வந்து பேச பதுளையில் இன்னொருவன் பிறக்கவில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொல்வார்கள் அல்லவா, நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பசறை ரோட்டில் மர ஆலை, அதற்குப் பின்னால் மூன்று ஏக்கர் காணி, இரண்டு லொறி. ஒன்றும் அப்பன் வைத்துவிட்டுப் போனதல்ல. ஐந்தாம் வகுப்பைக்கூட முழுதாக முடிக்காதவன் நான். நிற்கிற மரத்தைத் தூரத்தில் நின்று பார்த்தே சுற்றளவைச் சொல்லிவிடுவேன். ஓர் அங்குலம் பிசகினால் அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் என் பேத்தியின் வகுப்புப் பிள்ளைகள் இருபது பேர் என் காணிக்கு வந்தார்கள். காபன் வட்டம் படிக்கிறார்களாம். மரத்தை நெஞ்சு உயரத்தில் அளந்து கைத்தொலைபேசியில் போட்டால், அந்த மரம் காற்றிலிருந்து எவ்வளவு காபனை இழுத்து வைத்திருக்கிறது என்று அது சொல்லிவிடுமாம். அடுத்த வருஷம் வந்து அதே இடத்தில் மறுபடியும் அளப்பார்களாம். நான் ஆலை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "அந்த மொதல் சவுக்கு நாப்பத்தியோரு அங்குலம்" என்றேன். பிள்ளைகள் ஓடிப்போய் அளந்தார்கள். நூற்றுநான்கு சென்ரிமீற்றர். அங்குலத்தில் நாற்பத்தியொன்றேதான். கூட வந்த மிஸ் வாயில் கை வைத்துவிட்டாள்.

"ஐயா, இதெல்லாம் எங்க படிச்சீங்க?"

"அனுபவம் மிஸ்" என்றேன். அது பொய்.

அப்போது என் பேத்தி ஓடி வந்தாள். "தாத்தா, ஆலையில வெள்ளைப் பெயின்ட் இருக்குல்ல? அளந்த எடத்துல ஒரு வளையம் போட்டு நம்பர் எழுதணும்."

"பெயின்ட்டத் தொடாத!"

இருபது பிள்ளைகளும் அப்படியே நின்றுவிட்டார்கள். நான் இவ்வளவு சத்தமாகக் கத்துவேன் என்று எனக்கே தெரியாது. ஆளனுப்பிக் கடையிலிருந்து சிவப்பு ரிப்பன் வாங்கி வரச்சொன்னேன். மரத்தைக் கட்டிக்கொண்டு அழுகிற கஞ்சக் கிழவன் என்று மிஸ் நினைத்திருப்பாள். நினைக்கட்டும்.

நான் பிறந்த தேயிலைத் தோட்டம் பசறைக்கு மேலே. பஸ் திரும்புகிற இடத்திலிருந்து இன்னும் இரண்டு மைல் நடந்து ஏற வேண்டும். எங்கள் லயத்தில் பத்துக் காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம். கடைசிக் காம்பராவில் அப்பாவின் அக்கா, என் அத்தை, தனியாக இருந்தாள். அவளுடைய குசினிச் சுவருக்குப் பின்னால் மலை நெட்டுக்குத்தாக எழும்பும். அந்தச் சரிவில்தான் பலாமரம் நின்றது. மரம் தோட்டத்துக்குச் சொந்தம், பழம் பத்து வீட்டுக்கும் சொந்தம். அரிசி கிடைக்காத வருஷங்கள் அவை. பலாக்கொட்டையை அவித்து உப்புப் போட்டுத் தின்றுவிட்டு மலைக்கு வேலைக்குப் போனவர்கள் எங்கள் ஆட்கள்.

பள்ளிக்கூடம் என்றால் ஒரே மண்டபம், ஐந்து வகுப்பு, ஒரு வாத்தியார். பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறவளின் மகன் அவர். அவர்கள் தோட்டத்திலேயே படித்து வேலைக்கு வந்த முதல் ஆள். இரண்டே சட்டை. ஒன்றைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு மற்றதைப் போட்டுக்கொண்டு வருவார். அவரை வேலைக்கு வைத்ததும் தோட்டத்து ஆபீஸ்தான், நிறுத்துவதென்றால் நிறுத்துவதும் ஆபீஸ்தான்.

ஒருநாள் அவர் ஒரு விறகுக் கட்டையைத் தூக்கிக் காட்டி, "இது எதுல இருந்து வந்துச்சு?" என்றார்.

"மண்ணுல இருந்து சேர்."

"தண்ணியில இருந்து சேர்."

"காத்துல இருந்து" என்றார்.

வகுப்பே சிரித்தது. அன்று மாலைக்குள் செய்தி லயமெல்லாம் பரவிவிட்டது. தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் பெண்கள், "ஏண்டி, காத்துல மரம் மொளைக்குதாமே, ஒங்க வீட்டு வாசல்ல ரெண்டு மொளைக்கச் சொல்லேன்" என்று கேலி பேசினார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "படிச்சவரு சொன்னா ஏதாவது இருக்கும்" என்றார்.

வாத்தியார் விடுகிற ஆள் இல்லை. கொழுந்து நிறுக்கிற பழைய தராசொன்றை ஸ்டோரிலிருந்து இரவல் வாங்கி வந்தார். பத்து றாத்தல் காய்ந்த விறகை எங்களையே நிறுக்கச் சொல்லித் தகரத்தில் வைத்து எரித்தார். ஆறினதும் சாம்பலை நிறுத்தோம். கால் றாத்தல் தேறவில்லை.

"மிச்சம் எங்கடா போச்சு?"

"எங்கம்மா கண்ணுக்குள்ள போச்சு சேர்" என்றேன் நான். எங்கள் குசினியில் புகை போக வழி கிடையாது.

அவர் சிரித்து முடிக்கச் சற்று நேரமாயிற்று. "சரியான பதில்டா. பொகையா, கண்ணுக்குத் தெரியாத காத்தா போயிருச்சு. போனது திரும்பி வரும், பாரு" என்றார். மறுநாள் அம்மாவின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து நான் கொண்டுபோன சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளிய வைத்தார். பப்பாசித் தண்டால் அதில் ஊதச் சொன்னார். தெளிந்த தண்ணீர் என் மூச்சுப் பட்டுப் பாலாக வெளுத்தது. அடுப்பிலிருந்து போவதும் என் வாயிலிருந்து போவதும் ஒரே காற்று, அதன் பெயர் காபனீரொட்சைட்டு என்றார். பத்து வயதில் அந்தப் பெயரை ஒரே மூச்சில் சொன்னவன் அந்தத் தோட்டத்தில் நான் ஒருவன்தான்.

பிறகு முற்றத்தில் சாம்பலால் நான்கு வட்டம் போட்டார். காற்று, மரம், மண், அடுப்பு. நூறு கரித்துண்டைப் பிரித்துக் கொடுத்தார். விசிலடித்தால் ஒரு வருஷம். ஒவ்வொரு வருஷமும் காற்று மரத்துக்கு ஐந்து துண்டு கொடுக்க வேண்டும். மரம் மண்ணுக்கு இரண்டும் அடுப்புக்கு ஒன்றும் கொடுக்க வேண்டும். மண் இரண்டையும், அடுப்பு வாங்கின ஒன்றையும் காற்றுக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நான்தான் மரம். பத்து விசிலில் என் மடி நிறைந்துவிட்டது. இடுப்பில் கை வைத்து ராஜா மாதிரி நின்றேன். அப்போது அவர், "இப்ப மரத்த வெட்டியாச்சு" என்று சொல்லி, என் மடியிலிருந்ததை எல்லாம் அடுப்பிலும், அடுப்பிலிருந்து காற்றிலும் கொட்டச் சொன்னார். காற்றாக நின்ற பையனின் கையில் அடங்காமல் கரி தரையில் சிந்தியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. விளையாட்டில்கூடத் தோற்கப் பிடிக்காதவன் நான்.

அடுத்ததாக உண்மையான மரங்களை அளக்க வேண்டும் என்று சொல்லி, வாத்தியார் தோட்டத்துத் தொரையிடம் போய் அனுமதி கேட்டு வந்தார். ஐந்தாம் வகுப்பில் பன்னிரண்டு பேர், ஆளுக்கொரு மரம். மற்றவர்களுக்கெல்லாம் சவுக்கு. ஏழாம் நம்பர் பலாமரத்தை நான் சண்டை போட்டு வாங்கினேன். எல்லா மரத்தையும் ஒரே உயரத்தில் அளப்பதற்கு ஒரு கம்பு. சணலைச் சுற்றிப் பிடித்து, அதை அங்குலம் குறித்த அடிமட்டத்தில் வைத்து அளந்தேன். எழுபத்து நான்கு அங்குலம். வாத்தியார் ஒரு கொப்பியில் மரத்துக்கொரு பக்கம் ஒதுக்கி, நம்பர், மரம், அளவு, அளந்தவர் பெயர் என்று எழுதிக்கொண்டார். காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி காபன். என் மரம் மற்றப் பதினொன்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

அளந்த இடத்தைச் சாக்கட்டியால் குறித்திருந்தோம். இரண்டு மழையில் அது போய்விட்டது. அடுத்த வருஷம் எந்த இடத்தில் அளப்பது என்று பிள்ளைகள் விழித்தார்கள். யாரோ பெரிய மனிதர் தோட்டம் பார்க்க வருகிறார் என்று அந்த வாரம்தான் லயத்துக்கு வெள்ளையடித்திருந்தார்கள். ரோட்டைப் பார்த்த பக்கம் மட்டும். மிச்சச் சுண்ணாம்பு வாளியில் கிடந்தது. யோசனை யாருக்கு வந்தது? எனக்கு. விடிவதற்குள் பன்னிரண்டு மரத்துக்கும் வெள்ளை வளையம் போட்டு, நம்பரும் எழுதி முடித்துவிட்டேன்.

வாத்தியார் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "யாருடா இது?"

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தேன்.

"யோசனை நல்ல யோசனைதான். ஆனா சுண்ணாம்பு வேணாம். இன்னைக்கே எல்லாத்தையும் சுரண்டிரு. கயிறு கட்டிக்கலாம்."

"வெள்ளையடிக்கிற கங்காணி!" என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். பதினொரு பேரும் சிரித்தார்கள்.

பதினொரு மரத்தைச் சுரண்டினேன். ஏழாம் நம்பரை விட்டுவிட்டேன். அது என் மரம், என் அத்தை வீட்டுக்குப் பின்னால் நிற்பது, யார் பார்க்கப்போகிறார்கள்? "அழிச்சிட்டேன் சேர்" என்று சொல்லிவிட்டேன். வெட்டுகிற மரத்துக்கு ஆபீஸ் ஆள் வந்து வெள்ளை வளையமும் நம்பரும் போடுவது வழக்கம். அதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அது சவுக்குக்கு. பலாவை யார் வெட்டுவார்கள்?

பள்ளிக்கூட விடுமுறை வந்தது. மேல் மலையில் சவுக்கு வெட்ட ஒரு கொந்தராத்துக்காரர் நான்கு ஆட்களோடு வந்திருந்தார். பெரியவர்கள் எல்லாம் மலையில் வேலையில் இருந்த நேரம். அவர் குறுக்கு வழியாக லயத்துப் பின்பக்கம் இறங்கினார். வளையத்தைப் பார்த்துவிட்டு நின்றார். பிறகு மரத்தடியில் நின்ற என்னைப் பார்த்தார்.

"டேய் தம்பி, இதுக்கு நம்பர் போட்டது யாரு?"

"நான்தான்."

"நீயா? யாரு போடச் சொன்னா?"

"எங்க வாத்தியாரு அளக்கச் சொன்னாரு. தொரைகிட்டக் கேட்டுத்தான் அளக்குறோம்."

அவர் திரும்பித் தன் ஆட்களைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டீங்களாடா? தொரைகிட்டக் கேட்டாச்சாம்."

அவர் கையில் துணி நாடா இருந்தது. நெஞ்சு உயரத்தில் அதை மரத்தைச் சுற்றிக் கொண்டுபோனார். இவர்களும் நம்மைப் போல அளக்க வந்தவர்கள்தான் என்று எனக்குப் பட்டது. "நான் சொல்லவா? எழுவத்தி நாலு அங்குலம்" என்றேன். மரத்தின் மறுபக்கம் நின்று நாடா சரியாமல் பிடித்துக்கொண்டதும் நான்தான்.

அவர் நாடாவைக் குனிந்து பார்த்தார். "எழுவத்தி நாலேதான்! கெட்டிக்காரப் பயடா. நீ பெரிய ஆளா வருவ, பாரு."

இரண்டு டொபி கொடுத்தார். ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, அம்மா சொன்ன சாமான் வாங்கச் சங்கக்கடைக்கு இறங்கினேன். திரும்பி வரும்போது பாதி வழியில் அந்தச் சத்தம் கேட்டது. மலை ஒருதரம் இருமியது போல இருந்தது. இரண்டாவது டொபி அப்போதும் என் சட்டைப் பையில் இருந்தது.

அத்தை மலையிலிருந்து கூடையோடு வந்தவள் கூடையை இறக்காமலே நின்றாள். திட்டவில்லை, அழவில்லை. "இனிமே மேல இருக்குற மண்ண யாருடா புடிச்சிருப்பா?" என்று அப்பாவிடம் கேட்டாள். விழுந்த மரத்தில் பிஞ்சு நிறைய இருந்தது. பத்து வீட்டுக்காரர்களும் பறித்துக்கொண்டு போய்ச் சமைத்தார்கள். நானும் தின்றேன். அப்பா ஆபீசுக்குப் போய்க் கேட்டதற்கு, நம்பர் போட்ட மரம், போய் வேலையைப் பார் என்று அனுப்பிவிட்டார்கள்.

ஐப்பசி மழையில் மண் வந்தது. பட்டப்பகல். அத்தைக்கு அன்று காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை, அடுப்படியில் குந்தியிருந்தாள். மலை குசினிச் சுவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டது. கையாலும் மண் கிளறுகிற இரும்பு முள்ளாலும் தோண்டி எடுத்தோம். உயிர் இருந்தது. இடுப்பு முறிந்துபோயிருந்தது. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொழுந்து லொறியில்தான் கொண்டுபோனார்கள்.

அதற்குப் பிறகுதான் விசாரணை. பலாமரம் வெட்ட அரசாங்க அனுமதி வேண்டும், இவர்கள் வாங்கவில்லை. பொலிஸ் வந்தது. யார் தலையிலாவது போட வேண்டுமே? நம்பர் இருந்தது, வெட்டினேன் என்றார் கொந்தராத்துக்காரர். ஒரு சிறுவனிடம் கேட்டு வெட்டினேன் என்று அவரால் சொல்ல முடியாது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். ஆபீஸ் நம்பர் போடவில்லை என்றார் பெரிய கிளாக்கர்.

தொரையும் கிளாக்கரும் பொலிஸ்காரரும் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். கிளாக்கர்தான் கத்தினார். "தோட்டத்துச் சுண்ணாம்பத் திருடி மரத்துல அடிச்சது எவன்? எந்த வீட்டுப் பிள்ளைன்னு தெரிஞ்சா அப்பன் ஆத்தா பேரை வெட்டிருவோம்! லயத்த விட்டு அன்னைக்கே வெளிய!"

பேரை வெட்டினால் வேலையும் இல்லை, காம்பராவும் இல்லை. பன்னிரண்டு பேரும் தரையைப் பார்த்தோம். வாத்தியார் என் பக்கம் ஒருதரம் பார்த்தார். பிறகு பார்க்கவே இல்லை.

"நான்தான் போடச் சொன்னேன்" என்றார்.

"பலாவுக்கும் நீதான் சொன்னியா?"

"ஆமாங்க. பிள்ளைங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

அளந்த கொப்பியை நாளைக் காலை ஆபீசில் கொண்டுவந்து கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். அன்று பள்ளிக்கூடம் விட்டதும் வாத்தியார் என்னை மட்டும் நிற்கச் சொன்னார். கொப்பியைத் திறந்தார், ஒரு பக்கத்தை ஓரம் பிசிறாமல் கிழித்தார், நான்காக மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். "இத நீயே வச்சுக்க" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

வழியில் பிரித்துப் பார்த்தேன். நம்பர் ஏழு, பலா, எழுபத்து நான்கு அங்குலம், அளந்தவர் என்ற இடத்தில் என் பெயர். சுண்ணாம்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சுண்ணாம்புதான் குற்றம், அளவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? பீலிக்கரையில் நின்றவர்களிடமெல்லாம் நீட்டினேன். வாசிக்கத் தெரிந்த ஒருவர் என் பெயரைச் சத்தமாக வாசித்தார். வேலை முடிந்து வந்துகொண்டிருந்த அப்பாவின் காதில் அது விழுந்தது. வாசிக்கத் தெரியாத மனுஷன். வந்தார், பிடுங்கினார், குசினிக்குள் போய் அடுப்பில் போட்டார். என் கன்னத்தில் ஒன்று வைத்தார். தாள் எரிந்து மூன்று விரல் புகையாயிற்று. தன்னால் படிக்க முடியாத பொறாமை இந்த ஆளுக்கு என்று நினைத்து, அன்று சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டேன்.

வாத்தியாரை நிறுத்திவிட்டார்கள். அந்த வருஷமே அவர் தாயோடு இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டதாகப் பிற்பாடு சொன்னார்கள். எந்த ஊருக்கு என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கு வசதி வந்தபின் இரண்டுதரம் ஆள்விட்டுத் தேடியும் கிடைக்கவில்லை. அத்தை எங்கள் காம்பரா மூலையில் எட்டு வருஷம் படுத்திருந்து செத்தாள். மூத்திரச் சட்டி எடுத்தது அம்மா. நான் அத்தையிடம் சொல்லவில்லை. அடுத்த வருஷம் அதே கொந்தராத்துக்காரர், "ஒனக்குத்தான் அளக்கத் தெரியுமே, வா" என்று என்னை லொறியில் ஏற்றிக்கொண்டார். என் முன்னேற்றம் அங்கேதான் ஆரம்பித்தது. மேடையில் பேசச் சொன்னால் அந்த இடத்தைத் தாண்டித்தான் தொடங்குவேன்.

வாத்தியார் போன நாள் காலையில் அவர் மண்டபத்துக்குள் தன் தகரப் பெட்டிக்குக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். பெட்டிமேல் அந்த இன்னொரு சட்டை கிடந்தது. நாங்கள் முற்றத்தில் நின்றோம். வெள்ளையடிக்கிற கங்காணி என்று சொன்ன அதே பையன் அழுதுகொண்டிருந்தான். எனக்கு அழுகை வரவில்லை. எனக்கு வேறொரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது.

"கொப்பியில ஒரு பக்கத்தக் கிழிச்சு எனக்கு மட்டும்தான் குடுத்தாரு. ஒங்க ஒருத்தனுக்கும் குடுக்கல. ஏன் தெரியுமா? நான் ஒருத்தன்தான் சரியா அளந்தேன்."

உள்ளே கயிறு இழுபடும் சத்தம் நின்றது. வாத்தியார் நிமிர்ந்து கதவு வழியாக என்னைப் பார்த்தார்.

"ஆமாடா" என்றார். "நீ சரியாத்தான் அளந்த."

நான் பதினொரு பேரையும் ஒருதரம் சுற்றிப் பார்த்துவிட்டு, பொத்தான் இல்லாத சட்டையின் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.